நான் சாகடித்த பதினொரு தகப்பன்மார்

பலெர்மோவில் வேலை செய்த காலத்தில் நான் பதினொரு தகப்பன்மாரைச் சாகடித்திருக்கிறேன். பதினொரு பேரும் அமெரிக்கர்கள். நான்கு பேர் காய்ச்சலில் போனார்கள். மூன்று பேர் ஆற்றில். இரண்டு பேர் மரம் வெட்டும்போது. ஒருவர் குதிரையிலிருந்து விழுந்தார். மிச்ச ஒருவருக்கு என்ன நடந்தது என்பது இப்போது மறந்துவிட்டது. அடக்கத்தன்று மழை பெய்தது மட்டும் ஞாபகமிருக்கிறது, ஏனென்றால் அந்த மழையையும் நான்தான் பெய்வித்தேன்.

இதை எழுதச் சொன்னவர்கள் எங்கள் கோயில் மண்டபத்தில் வகுப்பு நடத்தும் பிள்ளைகள். வயதானவர்களைப் பார்க்கும் வேலைக்கு இப்போது சான்றிதழ் வேண்டுமாம். எங்கள் காலத்தில் இரண்டு கையும் ஒரு தெரிந்த ஆளும் இருந்தால் போதும். "அங்கிள், நீங்கள் இத்தனை வருசம் வேலை செய்து ஓய்வெடுத்தனீங்கள். ஆக்களை எப்பிடித் தூக்கிறது, மருந்து எப்பிடிக் குடுக்கிறது, அதுகளை எழுதித் தாங்கோவன்" என்று கேட்டார்கள். சரி, எழுதுகிறேன். தூக்கும்போது முழங்காலை மடக்க வேண்டும், முதுகை வளைக்கக் கூடாது. மருந்துப் பெட்டியில் எழுதியிருப்பதை இரண்டு தரம் வாசிக்க வேண்டும். அவ்வளவுதான். இனி நான் எழுதப்போவது எனக்குத் தெரிந்ததை.

அந்த அமெரிக்கர்களின் பெயர்களை இங்கே சொல்லமாட்டேன். அவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். உயிரோடிருக்கும் தகப்பனைச் சாகடித்தால் ஒரு குடும்பத்தில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும்.

என் முதல் தொழில் பெட்டிசம் எழுதுவது. இலங்கையில், மன்னார்க் கச்சேரி என்ற அரசாங்க அலுவலகத்துக்கு முன்னால் ஒரு வேப்பமரம், அதன் கீழே ஒரு மேசை, மேசையில் 'r' எழுத்து விழாத ஒரு தட்டெழுத்து இயந்திரம். காணி கேட்பவர்கள், வள்ளத்துக்கு அனுமதி கேட்பவர்கள், நட்டஈடு கேட்பவர்கள் எல்லோரும் வந்து நிற்பார்கள். கதையைக் கேட்டு, ஆங்கிலத்திலோ தமிழிலோ அதிகாரிக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்பேன். அதற்கு ஒரு முறை உண்டு. முதல் பந்தியில் தாழ்மை. இரண்டாம் பந்தியில் தகப்பன் சாக வேண்டும். மூன்றாம் பந்தியில் பிள்ளைகளின் தொகை. தகப்பன் உயிரோடிருக்கும் பெட்டிசத்தை எந்த அதிகாரியும் இரண்டாம் பக்கம் திருப்பிப் பார்த்ததை நான் கண்டதில்லை. ஒன்பது வருடம் இந்த முறையில் எழுதினேன். கேட்டவர்களில் பாதிப் பேருக்காவது கேட்டது கிடைத்தது.

பிறகு சண்டை. நான் எப்படி இத்தாலிக்கு வந்து சேர்ந்தேன் என்பது வேறு கதை, அதை ஒருவரும் கேட்கவில்லை. பலெர்மோவின் போர்கோ வெக்கியோ பகுதியில் ஆறு பேர் இருந்த ஓர் அறையில் எனக்கும் ஒரு பாய் கிடைத்தது. அந்த அறைக்கு மூத்தவரான மரியதாஸ் அண்ணை ஒரு கிழமையில் எனக்குத் தொழில் படிப்பித்து முடித்தார். சேர்ட்டில் கொலரை முதலில் அழுத்து. வீட்டுக்கார சிஞ்ஞோரா என்ன கேட்டாலும் 'சி', அதாவது ஓம் என்று சொல், விளங்காவிட்டால் இரண்டு தரம் சொல். "உன்ரை மூளையை வாசலிலை சப்பாத்தோடை கழட்டி வைச்சிட்டுப் போ, தம்பி. பின்னேரம் வரேக்கை எடுக்கலாம்" என்றார். நான் அந்தக் கடைசிப் பாடத்தைச் சரியாகக் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்குக் கிடைத்த வீடு நடந்து போனால் பத்து நிமிடம். நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது. அங்கே இருந்தவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். ஊரே அவரை புரொஃபெசோரே என்றுதான் கூப்பிடும், நானும் அப்படியே. மனைவி இல்லை. மகள் சிஞ்ஞோரா ரொசால்பா சனிக்கிழமைகளில் வந்து, குளிர்பெட்டியைத் திறந்து பார்த்து, என்னையும் மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போவாள். அவள் பார்வையில் நானும் திகதி முடியக்கூடிய ஒரு சாமான்தான்.

புரொஃபெசோரேயின் கண்ணில் நடுப்பகுதி இருண்டுபோயிருந்தது. கதவடியில் ஆள் நிற்பது தெரியும், ஆளுடைய முகம் தெரியாது. மேசையில் புத்தகம் இருப்பது தெரியும், எழுத்துத் தெரியாது. இந்தக் கண்ணை வைத்துக்கொண்டு மனிதர் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தார். பெயர் பெற்ற அமெரிக்க எழுத்தாளர்களும் கண்டுபிடிப்பாளர்களும் சின்ன வயதில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதுதான் புத்தகம். பலெர்மோவில் இருந்துகொண்டு இது என்ன கோதாரிக்கு என்று நானும் நினைத்தேன். பிறகுதான் சொன்னார். பெரிய யுத்தத்தில் அமெரிக்கர்கள் சிசிலியில் வந்து இறங்கியபோது அவருக்குப் பதினைந்து வயது. ஒரு சிப்பாய்க்குத் தண்ணீர் சுமந்து கொடுத்திருக்கிறார். அவன் போகும்போது கையிலிருந்த ஒரு கிழிந்த புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனானாம். அதில் இப்படிச் சில பொடியன்களின் கதைகள் இருந்தன. அகராதியை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் அதை வாசித்தாராம்.

"ஒருவன் புகழ் பெற்றவுடன் எனக்கு அவனிடம் வேலையில்லை, அந்தோனியோ" என்பார், அந்தோனி என்ற என் பெயரை இத்தாலியனாக்கி. "அவன் இன்னும் யாருமில்லாமல் இருந்த காலம்தான் எனக்கு வேண்டும்."

பதினொரு வயதுப் பிள்ளையோடு கதைத்தாலும் அவர் மரியாதையாகத்தான் கதைப்பாராம். என்னோடும் அப்படியே.

ஒருநாள் புத்தக அலுமாரி தூசு தட்டும்போது ஒரு புத்தகத்தின் முதுகில் இருந்த ஆங்கிலத் தலைப்பை வாய்விட்டு வாசித்துவிட்டேன். அடுத்த அறையிலிருந்து, "ஆங்கிலம் வாசிப்பீர்களா?" என்று சத்தம் வந்தது. அன்றிலிருந்து காலையில் வீட்டு வேலை, பின்னேரத்தில் அட்டை வேலை.

அட்டை வேலையைப் பற்றி எழுதத்தான் வேண்டும். இரண்டு சப்பாத்துப் பெட்டிகள். ஒன்றில் எழுத்தாளர்கள், மற்றதில் கண்டுபிடிப்பாளர்கள். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை. மேலே பெயர், அதன் கீழ் பிறந்த இடம், பிறகு தகப்பன் என்ன தொழில், பிறகு படிப்பு எந்த வயதில் நின்றது, பிறகு முதல் வேலை. அடியில் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கம். பென்சிலால் மட்டும். நான் ஆங்கிலப் புத்தகத்தை வாசித்து, விளங்கியதை என் இத்தாலியனில் சொல்லுவேன். அவர் அந்த இத்தாலியனை நேராக்கித் திரும்பச் சொல்லுவார். நான் எழுதுவேன். எழுதியதை ஒரு தரம் உரத்து வாசிப்பேன். அவர் அட்டையை வாங்கி, தையல் கத்தரிக்கோலால் மேல் மூலையை ஒரு நகத்தளவு வெட்டுவார். எழுத்தாளர் என்றால் இடது மூலை, கண்டுபிடிப்பாளர் என்றால் வலது மூலை. விரலால் தடவியே எது யார் என்று சொல்லுவார். ஒருநாளும் பிழைத்ததில்லை.

கோபமாக அவர் ஒரு சொல் சொன்னதையும் நான் கேட்டதில்லை. சாப்பாட்டில் உப்புக் கூடினால் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். எனக்கு அது பெரிய சுகமாக இருந்தது. ஏச்சு வாங்காத வேலை என்று அறையில் பெருமை பேசினேன்.

இனி என் பிரச்சினை. மனைவி ரீற்றாவும் ஒன்பது வயது மகள் டிலானியும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். மாதாமாதம் பொலிஸ் பதிவைப் புதுப்பித்துக்கொண்டு, ஒரு கட்டிலில் இரண்டு பேர். அவர்களைக் கூப்பிடுவதற்கு என்னுடைய வதிவிட அனுமதியை, பெர்மெஸ்ஸோவை, புதுப்பித்திருக்க வேண்டும். அதைப் புதுப்பிக்க இன்னும் இரண்டு வருடம் எனக்கு வேலை உண்டு என்று முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். புரொஃபெசோரே போடுகிறேன் என்று சொல்லியிருந்தார். இந்த ஒரு கையெழுத்துத்தான் என் பெண்சாதிக்கும் பிள்ளைக்கும் இருந்த ஒரே வழி. தொலைபேசியில் டிலானி ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்: "அப்பா, மாமா கையெழுத்துப் போட்டிட்டாரா?" முன்பின் காணாத புரொஃபெசோரேயை அவள் மாமா ஆக்கியிருந்தாள்.

சரி, கொலைகளுக்கு வருவோம்.

முதலாவது ஆள் ஒரு கண்டுபிடிப்பாளர். தையல் மெசினின் உள்ளே ஏதோ ஒரு துண்டைத் திருத்தியவர். புத்தகத்தைத் திறந்தால், தகப்பன் வசதியான ஆள். தாய் பாசமானவள். பொடியன் நேரத்துக்குச் சாப்பிட்டான், பள்ளிக்கூடம் போனான், பிறந்தநாளுக்குச் சுத்தியல் ஒன்று பரிசாகக் கிடைத்தது. எனக்கு வாசிக்கவே வெட்கமாக இருந்தது. இந்தக் கதையைக் கொண்டுபோய் எந்தக் கச்சேரியில் கொடுப்பது? ஒன்பது வருடத் தொழில்புத்தி சும்மா இருக்குமா? வாய் தானாகவே சொன்னது: "பையனுக்கு ஏழு வயதாக இருக்கும்போது தகப்பன் கடும் காய்ச்சலில் இறந்துபோனார். தாய் பக்கத்து வீடுகளில் துணி துவைத்து வளர்த்தார்."

புரொஃபெசோரேயின் கை மேசையில் அசையாமல் நின்றது. "மறுபடி வாசியுங்கள்" என்றார்.

மனிதர் இளகிவிட்டார் என்று நினைத்தேன். கச்சேரியில் அதிகாரி 'மறுபடி வாசி' என்றால் காணி கிடைத்த மாதிரி. மறுபடி வாசித்தேன். இந்த முறை காய்ச்சல் மூன்று நாள் நீடித்தது. அடக்கத்தன்று மழை பெய்தது. அவர் மூலையை வெட்டி, அட்டையைப் பெட்டிக்குள் வைத்தார்.

அதன் பிறகு எனக்குக் கை வந்துவிட்டது. தகப்பன் இயல்பாகவே செத்துப்போயிருந்த கதைகளில் நான் கை வைக்கவில்லை, அது என் தொழில் நேர்மை. மற்றவர்களில் எவருடைய கதை தாங்காது என்று பட்டதோ அங்கே மட்டும். வேலிக் கம்பியில் முள் வைத்தவருடைய தகப்பன், கடல் கதை எழுதியவருடைய தகப்பன், கதவுப் பூட்டுக்காரருடைய தகப்பன். ஒவ்வொரு முறையும் "மறுபடி வாசியுங்கள்" என்பார். நானும் ஒவ்வொரு முறையும் இன்னும் நன்றாகச் சாகடித்து வாசிப்பேன். பாவம், தகப்பன் பாசம் உள்ள மனிதர் என்று ரீற்றாவுக்குத் தொலைபேசியிலும் சொன்னேன்.

இன்னொரு விஷயம். வெள்ளிக்கிழமைகளில் அந்தப் பெட்டிகளைத் தூசு தட்டும்போது சில அட்டைகள் தலைகீழாக நிற்கும். வெட்டிய மூலை அடியில் இருக்கும். கண் தெரியாத மனிதர், வேறென்ன செய்வார்? ஒவ்வொன்றாக எடுத்து நிமிர்த்தி வைப்பேன். வீட்டு வேலைக்காரன் என்றால் கேளாமலே செய்ய வேண்டும் என்பது மரியதாஸ் அண்ணையின் பாடம்.

எட்டு மாதத்தில் முப்பது பேருடைய அட்டைகள் முடிந்தன. நானே அவற்றைப் பார்த்து நல்ல தாளில் பிரதி எடுத்தேன். ஒரு சின்னப் பதிப்பகம் புத்தகத்தைப் போட ஒத்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை ஆள் வந்து தாள்களை எடுத்துப் போகும் என்று ஏற்பாடு. அதே திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, அனுமதியைப் புதுப்பிக்கும் பொலிஸ் அலுவலகமான குவெஸ்தூராவில் எனக்கு நேரம் தந்திருந்தார்கள். சனிக்கிழமை சிஞ்ஞோரா ரொசால்பா வரும்போது, அவளுக்கு முன்னால் புரொஃபெசோரே என் தாளில் கையெழுத்துப் போடுவார். எல்லாம் ஒழுங்கு.

வெள்ளிக்கிழமை தொத்தோ வந்தான். புரொஃபெசோரேயின் பழைய மாணவன், நாற்பத்தைந்து வயது, ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவன். இடைக்கிடை மீன் கொண்டு வருவான். நாலு மாடி ஏறி வந்த மூச்சு அடங்குவதற்குச் சமையலறையில் உட்காருவான். ஆசிரியர் மத்தியான நித்திரையில் இருந்தார். நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் 'மறுபடி வாசியுங்கள்' என்று சொல்கிறாரா?" என்று தொத்தோ கேட்டான்.

"சொல்வார். பாவம், இளகின மனசு" என்றேன்.

தொத்தோ மேசையில் அடித்துச் சிரித்தான். ஆசிரியர் எழும்பிவிடுவார் என்று வாயைப் பொத்திக்கொண்டும் சிரித்தான்.

"இளகின மனசா! அட மனிதா, அது பிழை என்று அர்த்தம். எங்கே பிழை என்று சொல்லமாட்டார். நீயே கண்டுபிடிக்க வேண்டும். முப்பது வருடமாகியும் கனவில் அந்தச் சத்தத்தைக் கேட்டு எழும்புகிறேன். பிழையான கொப்பியை மேசையில் தலைகீழாக வைத்துவிடுவார். திருத்திவிட்டு நாங்களே அதை நிமிர்த்தி வைக்க வேண்டும். நிமிர்ந்திருந்தால் திருத்தியாயிற்று. பிறகு அதைப் பற்றி ஒரு சொல் கேட்கமாட்டார். அவ்வளவு நம்பிக்கை."

என் கையிலிருந்த மீன் வழுக்கித் தொட்டிக்குள் விழுந்தது. நான் எடுக்கவில்லை.

எட்டு மாதம். பதினொரு தரம் அவர் எனக்குப் பிழை என்று சொல்லியிருக்கிறார். பதினொரு அட்டைகளைத் தலைகீழாக வைத்திருக்கிறார். நான் வெள்ளிக்கிழமை தோறும் துடைத்து நிமிர்த்தி வைத்திருக்கிறேன். அவர் விரலால் தடவிப் பார்த்து, அந்தோனியோ திருத்திவிட்டான் என்று நம்பியிருக்கிறார். அந்தப் பதினொரு பொய்யும் அவருடைய பெயரில் அச்சுக்குப் போகக் கட்டித் தயாராக மேசையில் கிடக்கிறது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஒரு மானமுள்ளவன் சொல்லியிருப்பான். நான் பெட்டிசக்காரன். சனிக்கிழமை கையெழுத்து, பிறகு உண்மை என்று முடிவெடுத்தேன். கையெழுத்து விழுந்த பிறகு அவர் ஏசட்டும், துரத்தட்டும், ரீற்றாவும் பிள்ளையும் வந்துவிடுவார்கள். இதை எழுதும்போது இப்போதும் முகம் சுடுகிறது. ஆனாலும் அதுதான் நான் எடுத்த முடிவு.

சனிக்கிழமை காலை சிஞ்ஞோரா ரொசால்பா மேசையின் ஒரு பக்கம், கைப்பையைக் கூடக் கீழே வைக்காமல். புரொஃபெசோரே நடுவில், கையில் பேனாவோடு. நான் நின்றுகொண்டிருந்தேன். வேலைத் தாளை வாசித்தேன். தலையசைத்தார். தாளோடு சேர்த்துக் கொடுக்க நானே ஒரு கடிதமும் எழுதியிருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் கடிதமில்லாமல் ஓர் அலுவலகத்துக்குப் போக என்னால் முடியாது. அதிலும் அவர் கையெழுத்து வேண்டும். வாசித்தேன்.

"மிகுந்த தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்வதாவது. சிறு வயதிலேயே தகப்பனைக் கடலில் பறிகொடுத்து, வறுமையில் வளர்ந்த நான்..."

"மறுபடி வாசியுங்கள்" என்றார் புரொஃபெசோரே.

எனக்கு இப்போது அதன் அர்த்தம் தெரியும். பேனா தாளுக்கு ஒரு விரல் உயரத்தில் நின்றது. வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்தால் அவர் போடுவாரா, மாட்டாரா? தெரியாது. ரொசால்பா மணிக்கூட்டைப் பார்த்தாள். எனக்கு டிலானியின் சத்தம் கேட்டது. ஆனால் அந்த மனிதரின் முகத்தை, என்னைக் காண முடியாமல் என் பக்கம் திரும்பியிருந்த அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, பன்னிரண்டாவது தரம் பொய் வாசிக்க என்னால் முடியவில்லை.

"என் அப்பு உயிரோடு இருக்கிறார்" என்றேன்.

பிறகு எல்லாமே வந்தது. தையல் மெசின்காரரில் தொடங்கிப் பதினொரு பேரையும் சொன்னேன். அதோடு நிற்காமல் என் அப்புவின் கதையையும் சொன்னேன்.

எனக்குப் பதினைந்து வயது. தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலை விடுதியில் இலவச இடம் கொடுத்தார்கள். நானே ஒரு விண்ணப்பம் எழுதினேன். அதுதான் என் முதல் பெட்டிசம். அப்புவைக் கடலில் மூழ்கடித்தேன். விடுதிச் சாமியார் நல்ல மனிதர், இரக்கப்பட்டு எங்கள் பங்குச் சாமியாருக்குச் செய்தி அனுப்பினார். புதிதாக வந்திருந்த பங்குச் சாமியாருக்கு ஆட்களைத் தெரியாது. ஞாயிறு பூசையில், மரித்த ஆன்மாக்களின் இளைப்பாற்றிக்காக வாசிக்கும் பெயர்களில் அப்புவின் பெயரையும் முழுதாக வாசித்துவிட்டார். அப்பு மூன்றாம் வரிசையில் முழந்தாளில் இருந்தார். முழுக் கோயிலும் அவரைத் திரும்பிப் பார்த்தது. அன்றிலிருந்து அவர் என்னோடு கதைக்கவில்லை. "அவனைச் சாப்பிடச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்லுவார். என் கல்யாணத்துக்கு வந்தார், ரீற்றாவோடு கதைத்தார், எனக்குத் தலையை மட்டும் ஆட்டினார். இருபத்திரண்டு வருடம்.

சிஞ்ஞோரா ரொசால்பா முதலில் சிலுவைக் குறி போட்டாள். பிறகு வெடித்தாள். "அப்பா, இந்த ஆள் உங்கள் பெயரில் பொய்யை அச்சடிக்க இருந்தான்! இவனுக்கு இரண்டு வருடமா? இன்றைக்கே அனுப்புங்கள்!" அவள் சொன்னதில் ஒரு சொல்லும் அநியாயமில்லை.

புரொஃபெசோரே என்னிடம் கேட்டார்: "உங்கள் அப்பா எழுந்து போனாரா?"

"இல்லை. கடைசி ஆசீர்வாதம் வரைக்கும் முழந்தாளில் இருந்தார்."

"அட்டையில் எழுத வேண்டியது இதுதான்" என்றார். "அந்தோனியோ, புத்தகத்தில் தகப்பன்மார் அரை வரியில் சாவார்கள். உங்களுடையவர்கள் நான்கு வரி எடுத்தார்கள். அதோடு ஒவ்வொருவருக்கும் மழை. முதல் நாளே தெரியும் எனக்கு. திருத்திவிட்டீர்கள் என்றுதான் நம்பினேன்."

அந்தக் கடைசி வசனம் எனக்கு அடியாக விழுந்தது. அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பேனாவை மூடி வைத்தார். என் கடிதத்தையும் வேலைத் தாளையும் ஒன்றாகச் சேர்த்தார். இரண்டையும் தலைகீழாகத் திருப்பி மேசையில் வைத்தார்.

ரொசால்பாவுக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. கதிரையை இழுத்து உட்கார்ந்து முதல் அட்டையை எடுத்தேன்.

சனி பின்னேரம் ஐந்து பேரை எழுப்பினோம். செத்தவர்களை எழுப்ப ஆண்டவருக்கு ஒரு சொல் போதும். எனக்கு ஒருவருக்கு முக்கால் மணித்தியாலம் எடுத்தது. புத்தகத்தைத் திறந்து, பக்கத்தைத் தேடி, உள்ளதை உள்ளபடி வாசித்து, அட்டையை அழித்து எழுதி, நல்ல தாளையும் மாற்றி எழுத வேண்டும். ஞாயிறு பூசை முடிந்து வந்து மிச்சப் பேரைத் தொடங்கினோம். வேலிக் கம்பிக்காரருடைய தகப்பனில் ஒரு சிக்கல். அவரை நான் பொடியனின் ஏழு வயதில் காய்ச்சலில் அனுப்பியிருந்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினால், மனிதர் உண்மையாகவே பொடியனின் எட்டு வயதில் செத்திருக்கிறார். நான் அவசரப்பட்டுவிட்டேன். அவருக்கு அந்த ஒரு வருடத்தைத் திருப்பிக் கொடுத்து, அரை வரியில் அடக்கம் செய்தோம். மழை இல்லாமல்.

பதினொரு அட்டையையும் வாசித்தேன். ஒரு தரமும் அவர் 'மறுபடி' என்று சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் தானே வாங்கி, மூலையைத் தடவி, நிமிர்த்தி வைத்தார். கடைசியாக என் கடிதத்தைப் புதிதாக எழுதினேன். 'தகப்பன் உயிருடன் இருக்கிறார், கடற்றொழிலாளி.' அரை வரிதான். அதை வாசித்தபோது என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. புரொஃபெசோரே தாள்களை நிமிர்த்தி, விரலை வைத்து இடம் பிடித்து, மெல்லக் கையெழுத்துப் போட்டார். நான் குசினிக்குள் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

திங்கட்கிழமை தாள்கள் அச்சுக்குப் போயின. நான் குவெஸ்தூராவுக்குப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் வேலைத் தாளை எடுத்துக்கொண்டு, கடிதத்தைப் பார்க்காமலே திருப்பித் தந்தார்.

புத்தகம் வந்தது. அதிகம் விற்கவில்லை. உள்ளூர்ப் பத்திரிகையில் ஒருவர், இந்தப் பொடியன்களின் வாழ்க்கையில் கண்ணீருக்கு இடம் குறைவு என்று எழுதியிருந்தார். நான் அதை உரத்து வாசித்தேன். "மறுபடி வாசியுங்கள்" என்றார் புரொஃபெசோரே. அவர் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். சிஞ்ஞோரா ரொசால்பா மூன்று மாதம் என்னோடு கதைக்கவில்லை. எனக்கு அது பழக்கமான விஷயம்.

ஏழு மாதம் கழித்து ரீற்றாவும் டிலானியும் ரோமாபுரியில் இறங்கி ரயிலில் வந்தார்கள். ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் நான் மூன்று மணித்தியாலம் முந்திப்போய் நின்றேன். டிலானி இறங்கியதும் முதல் வார்த்தை, "அப்பா, எங்கடை ரயிலைக் கப்பலுக்குள்ளை ஏத்தினவங்கள்!" சிசிலிக்குக் கடல் கடக்க ரயிலையே கப்பலில் ஏற்றுவார்கள். நான் அவளைத் தூக்கினேன், முழங்காலை மடக்காமல். முதுகு ஒரு கிழமை வலித்தது.

பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வரும்போது ரீற்றா சொன்னாள்: "இஞ்சேருங்கோ, மாமாவும் கொழும்பு வரைக்கும் வந்தவர். எங்களை ஏத்தி விட்டிட்டு லொட்ஜிலை நிக்கிறார். நாளைக்குத்தான் மன்னாருக்குப் போறார்."

"அப்புவோ? ஏதும் சொன்னவரோ?"

"ஓம். 'நான் இன்னும் சாகேல்லை எண்டு அவனிட்டைச் சொல்லு' எண்டவர்."

ஸ்டேஷனுக்கு எதிரே எங்கள் ஆட்கள் ஊருக்குக் கதைக்கும் ஒரு தொலைபேசிக் கடை இருந்தது. பெட்டிகளோடு அப்படியே உள்ளே போனோம். ரீற்றா எண்ணை அழுத்தினாள். லொட்ஜ்காரர் எடுத்தார். ஆளைக் கூப்பிடப் போனார். யாரோ செருப்பை இழுத்து இழுத்து நடந்து வரும் சத்தம் கேட்டது. அந்த நடையை நான் மறந்திருக்கவில்லை.

"ஹலோ."

"அப்பு, நான் அந்தோனி கதைக்கிறன்."

இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"இன்னொருக்காச் சொல்லு" என்றார்.

பெட்டிசக்காரனின் புத்தி உடனே எழும்பியது. மன்னிப்பைப் போடு, சின்ன வயது என்று போடு, அழு என்றது. தொண்டையில் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. நான் ஒன்றையும் கூட்டவில்லை.

"அப்பு, நான் அந்தோனி கதைக்கிறன்."

"ஓம்" என்றார் அப்பு. "கேக்குது."